ஆர்க்கைவ் சர்வர் கைவிட்டுப் போனபின் போஸ்ட்கிரெஸ் பேக்கப்பை எழுப்புவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம். பில், ஸ்டாக், தறிக்காரர்களின் கூலிக் கணக்கு எல்லாம் போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸில் இருக்கிறது. பேக்கப், பிஜிபேக்ரெஸ்ட் என்ற கருவி வழியாகச் சென்னையில் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்து அந்த சர்வருக்குள் இப்போது நுழைய முடியவில்லை. அதே வாரம் இங்கே மெயின் சர்வரின் டிஸ்க்கும் படுத்துவிட்டது. கையில் இருப்பது ஒரு யுஎஸ்பி டிஸ்க். அதில் ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஃபுல் பேக்கப்பின் ஃபோல்டரும், அதைவிடப் பழைய பிஜி_பேஸ்பேக்கப் (போஸ்ட்கிரெஸ்ஸின் சொந்த பேக்கப் கருவி) டார் கோப்புகளும் இருக்கின்றன. புது உபுண்டு மெஷினில் விரித்துப் போட்டு ஸ்டார்ட் செய்தால், தேவையான செக்பாயின்ட் (மீட்பு தொடங்கும் குறிப்பிடம்) ரெக்கார்டைக் காணோம் என்கிறது. கூடவே பேக்கப்_லேபிள் கோப்பை நீக்கிப் பார்க்கலாம் என்று ஒரு குறிப்பு. நீக்கலாமா?

நீக்காதீர்கள். அந்தக் குறிப்பை இன்னொரு முறை கடைசி வரி வரை படியுங்கள். பேக்கப்பிலிருந்து மீட்கிறீர்கள் என்றால் அந்தக் கோப்பை நீக்குவது டேட்டாபேஸைக் கெடுத்துவிடும் என்று அதுவே சொல்கிறது. பலர் நடு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

காரணம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. ஓடும் தறியை நிறுத்தாமல், துணியைத் துண்டு துண்டாகப் போட்டோ எடுத்து ஒட்டினால் எப்படி இருக்கும்? முதல் போட்டோ பத்து மணிக்கு, கடைசிப் போட்டோ பத்தே முக்காலுக்கு. கோடுகள் ஒன்றோடொன்று சேராது. ஓடும் டேட்டாபேஸை நகலெடுத்த பேக்கப்பும் அப்படித்தான். அந்த முக்கால் மணி நேரத்தில் நடந்த மாற்றங்கள் வால் (டபிள்யூஏஎல், ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதியும் லாக்) கோப்புகளில் இருக்கின்றன. அவற்றை மேலே ஓட்டினால்தான் கோடு சேரும். எங்கிருந்து ஓட்டத் தொடங்க வேண்டும் என்று சொல்வது பேக்கப்_லேபிள். அதை எடுத்துவிட்டால் போஸ்ட்கிரெஸ் கண்ட்ரோல் கோப்பில் கடைசியாகப் பதிந்த செக்பாயின்டைப் பிடித்துக்கொள்ளும். அது பேக்கப் தொடங்கியதற்குப் பிந்தையதாக இருந்தால் நடுவில் உள்ள மாற்றங்கள் ஓடாமலே போகும். டேட்டாபேஸ் திறக்கும், லாகினும் ஆகும், நாலு நாள் கழித்து ஒரு பார்ட்டியின் பாக்கி மட்டும் தப்பாகக் காட்டும். திறக்காமல் இருப்பதே இதற்கு மேல்.

ஆக, உங்களுக்குச் சென்னை ஆர்க்கைவ் (அங்கே அனுப்பிச் சேர்த்த வால் கோப்புகள்) முழுவதும் வேண்டாம். பேக்கப் தொடங்கிய வால் கோப்பிலிருந்து முடிந்த வால் கோப்பு வரை, அந்த ஒரு சங்கிலி கிடைத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை நிலை அப்படியே எழும். தலை கையில் இருக்கிறது, வால் எங்கே என்பதுதான் தேடல்.

எதையும் தொடும் முன் யுஎஸ்பி டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, மூலத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். பேக்கப் 200 ஜிபி என்றால் பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 35 எம்பி வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி சூடேறி நடுவில் துண்டித்துக்கொள்ளும், மின்வெட்டும் சேர்ந்துகொள்ளும். யுபிஎஸ்ஸில் போட்டு, ஃபேன் காற்றில் வைத்து, ஆர்சிங்க் மூலம் நகலெடுங்கள். நின்றாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும்.

இனி எந்த வால் வேண்டும் என்று பார்ப்போம். (கோப்பு, கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) ஃபுல் பேக்கப் ஃபோல்டருக்குள் பேக்கப்.மேனிஃபெஸ்ட் என்று ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். அதில் பேக்கப்-ஆர்க்கைவ்-ஸ்டார்ட், பேக்கப்-ஆர்க்கைவ்-ஸ்டாப் என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள். உதாரணத்துக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

தொடக்கம் 000000010000002500000083
முடிவு 000000010000002500000091

24 இலக்கம். முதல் எட்டு டைம்லைன் (மீட்டபின் மாறும் வரலாற்றுக் கிளை எண்), அடுத்த எட்டு லாக் எண், கடைசி எட்டு செக்மென்ட் (அந்த லாகின் துண்டு). 83இலிருந்து 91 வரை ஒன்பது கோப்பு என்று எண்ணிவிடாதீர்கள். இது பதினாறின் அடிமானத்தில் போகும் எண். 89க்குப் பிறகு 8ஏ, 8பி என்று 8எஃப் வரை போய்த்தான் 90 வரும். ஆக 15 கோப்புகள், ஒவ்வொன்றும் 16 எம்பி, மொத்தம் 240 எம்பி. ஒரு பென் டிரைவில் அடங்கும் சமாச்சாரத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

அதே மேனிஃபெஸ்டில் ஆப்ஷன்-ஆர்க்கைவ்-காப்பி என்ற வரியையும் பாருங்கள். அது ட்ரூ என்றிருந்தால் இந்த 15 கோப்புகளும் பேக்கப்புக்குள்ளேயே, பிஜி_டேட்டாவின் கீழ் பிஜி_வால் ஃபோல்டரில் இருக்கின்றன. இயல்பில் இது அணைந்திருக்கும், பேக்கப்பை அமைத்தவர் யோசித்துப் போட்டிருந்தால் உண்டு. இருந்தால் பாதி இரவு மிச்சம்.

அப்படியானால் கையால் விரித்ததை ஒதுக்கிவிட்டு பிஜிபேக்ரெஸ்ட்டையே மீட்க விடுங்கள். அதற்குச் சென்னை சர்வர் வேண்டியதில்லை. ரெப்போ1-பாத் (பேக்கப் கிடங்கான ரெப்போ இருக்கும் பாதை) என்ற அமைப்பை யுஎஸ்பி நகல் இருக்கும் இடத்துக்குத் திருப்பினால் போதும். அந்த இடத்தில் பேக்கப் என்ற ஃபோல்டர், அதற்குள் ஸ்டான்ஸா (உங்கள் டேட்டாபேஸுக்கு பிஜிபேக்ரெஸ்ட்டில் வைத்த பெயர்) பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பேக்கப்.இன்ஃபோ கோப்பு, பக்கத்தில் தேதியும் எஃப் எழுத்தும் கொண்ட பேக்கப் ஃபோல்டர் என்ற அமைப்பு குலையாமல் இருக்க வேண்டும். ரீஸ்டோர் கட்டளையில் டைப் என்பதற்கு நன் (எதுவுமில்லை) என்று கொடுங்கள். ரெகவரி அமைப்பு எதையும் எழுதாமல், பிஜி_வாலில் இருப்பதை மட்டும் வைத்துச் சீராக்கு என்று அதற்கு அர்த்தம். டைப் கொடுக்காமல் விட்டால் ஆர்க்கைவ்-கெட் மூலம் வால் கேட்கும்படி எழுதி வைத்துவிடும், இல்லாத ஆர்க்கைவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

பேக்கப்.இன்ஃபோவை நகலெடுக்காமல் தேதி ஃபோல்டரை மட்டும் கொண்டு வந்திருந்தால் பிஜிபேக்ரெஸ்ட் மறுத்துவிடும். அப்போதுதான் கையால் விரிப்பது. அதுவும் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது: என்க்ரிப்ஷன் இருக்கக் கூடாது, சின்னக் கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் பண்டில் வசதி இருக்கக் கூடாது, கோப்பின் மாறிய பகுதியை மட்டும் சேமிக்கும் பிளாக் இன்கிரிமென்டல் இருக்கக் கூடாது. மூன்றும் இல்லையென்றால் பிஜி_டேட்டாவுக்குள் இருப்பவை ஒவ்வொன்றும் தனித்தனியே சுருக்கிய சாதாரணக் கோப்புகள், இயல்பான ஜிஇசட் சுருக்கம் என்றால் கன்ஜிப் போதும். காலி ஃபோல்டர்கள் விடுபட்டிருந்தால் உருவாக்க வேண்டும்: பிஜி_நோட்டிஃபை, பிஜி_ரெப்ஸ்லாட், பிஜி_ஸ்னாப்ஷாட்ஸ், பிஜி_சப்டிரான்ஸ், பிஜி_டிபிஎல்எஸ்பிசி, பிஜி_டூஃபேஸ் போன்றவை. முழுப் பட்டியல் மேனிஃபெஸ்டிலேயே இருக்கிறது. என்க்ரிப்ட் செய்த ரெப்போ என்றால் சைஃபர் பாஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பழைய மெயின் சர்வரின் பிஜிபேக்ரெஸ்ட்.கான்ஃப் கோப்பில் அது எழுதியிருக்கலாம், டிஸ்க்கிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது அந்த ஒரு கோப்பு.

ஃபோல்டர் பெயர் எஃப் எழுத்தோடு முடியாமல், எஃப்புக்குப் பின் இன்னொரு தேதியும் டி அல்லது ஐ எழுத்தும் இருந்தால் அது டிஃப்பரென்ஷியல் அல்லது இன்கிரிமென்டல். அதன் அடியில் உள்ள ஃபுல் இல்லாமல் தனியாக எழாது.

ஆர்க்கைவ்-காப்பி ஃபால்ஸ் என்றிருந்தால் வாலைத் தேடிப் போக வேண்டும். ரெப்ளிகா (நேரடி நகல்) மெஷின் இருந்தால் அதன் பிஜி_வால் ஃபோல்டர், யாராவது வால் கோப்புகளை இழுத்துச் சேமிக்கும் பிஜி_ரிசீவ்வால் ஓட்டி வைத்திருந்தால் அதன் ஃபோல்டர். இரண்டும் இல்லையென்றால் இருக்கும் நல்ல இடம், படுத்துவிட்ட டிஸ்க்கேதான். டேட்டாபேஸ் திறக்காத டிஸ்க்கிலும் சில நூறு எம்பி படிக்கக் கிடைப்பது அரிதல்ல. அதன் மேலேயே எஃப்எஸ்சிகே (டிஸ்க் பழுதுபார்க்கும் கட்டளை) ஓட்டாதீர்கள், அது டிஸ்க்கில் எழுதிவிடும். கெட்ட டிஸ்க்கைப் படிக்கும் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு இமேஜ் எடுத்து, இமேஜை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து, பிஜி_வாலை மட்டும் வெளியே எடுங்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கலாம். சென்னை சர்வர் துண்டிக்கப்பட்ட நிமிடத்திலிருந்து ஆர்க்கைவ் அனுப்பும் வேலை தோற்றுக்கொண்டிருக்கும். அனுப்பி முடியாத வால் கோப்பை போஸ்ட்கிரெஸ் நீக்காது. ஆர்க்கைவ்_ஸ்டேட்டஸ் ஃபோல்டரில் ரெடி என்ற பின்னொட்டோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கோப்பு கிடக்கும். ஆகவே துண்டித்த நேரம் முதல் டிஸ்க் போன நேரம் வரை முழுச் சங்கிலி அங்கே குவிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆர்க்கைவ்-புஷ்-க்யூ-மேக்ஸ் என்ற வரம்பு வைத்திருந்தால் மட்டும், குவியல் அளவு மீறியதும் அனுப்பிவிட்டதாகச் சொல்லிக் கைவிட்டிருக்கும், அப்போது நடுவில் ஓட்டை விழும். பேக்கப் முடிவான 91இலிருந்து இந்தக் குவியல் வரை இடைவெளி இல்லாமல் இருந்தால் ஞாயிறு நிலைக்கு மேலே, டிஸ்க் போன நாள் வரைக்கும்கூடப் போகலாம். ஒரே ஒரு கோப்பு நடுவில் இல்லையென்றாலும் அதற்கு அப்பால் உள்ளவை வெறும் பாரம்.

ஞாயிற்றுக்கிழமையின் 83 முதல் 91 பெயரில் அங்கே இல்லை என்றதும் சோர்ந்துவிட வேண்டாம். பழைய வால் கோப்பை போஸ்ட்கிரெஸ் எப்போதும் அழித்துவிடுவதில்லை. வருங்கால எண் ஒன்றைப் பெயராகச் சூட்டி, பிறகு எழுதுவதற்கு ஒதுக்கி வைக்கும். அதன்மேல் எழுதும் வரை உள்ளே பழைய சரக்குதான். எனவே பெயரைப் பார்க்காமல் உள்ளே பாருங்கள். எக்ஸ்எக்ஸ்டி கட்டளையால் ஒவ்வொரு கோப்பின் முதல் 16 பைட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாம் பைட் முதல் நான்கு பைட்டுகள் டைம்லைன்: 01 00 00 00. ஒன்பதாம் பைட் முதல் எட்டு பைட்டுகள் அந்தப் பக்கத்தின் உண்மையான முகவரி, தலைகீழ் வரிசையில். 00 00 00 83 25 00 00 00 என்று தெரிந்தால், வெளியே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது லாக் 25, செக்மென்ட் 83. நகலெடுத்துச் சரியான 24 இலக்கப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைவாக ஓடிய சர்வரில் இப்படிக் கிடைக்க இடமுண்டு. ஓயாமல் ஓடியதில் மேலே எழுதியிருக்கும்.

பெயர் வைத்ததும் நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு கோப்பும் சரியாக 16777216 பைட் இருக்க வேண்டும். பிறகு பிஜி_வால்டம்ப் கட்டளைக்குத் தொடக்கக் கோப்பையும் முடிவுக் கோப்பையும் கொடுத்து ஓட்டுங்கள். நடுவில் பிழையில்லாமல் 91ஐத் தொட்டால் சங்கிலி முழுசு. ஆர்க்கைவ் ஃபோல்டரின் ஒரு பகுதி எங்காவது நகலில் கிடைத்தால் அங்கே பெயர் வேறு மாதிரி இருக்கும்: 24 இலக்கத்துக்குப் பின் ஒரு கோடு, நீளமான ஹேஷ், சுருக்கிய கோப்பின் பின்னொட்டு. விரித்து, ஹேஷை வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இப்போது எழுப்புவது. மேஜர் வெர்ஷன் 14தான் வேண்டும், 15இலோ 16இலோ இந்த ஃபோல்டர் திறக்காது. உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் டேட்டா ஃபோல்டருக்குள் இல்லை, ஈடிசியின் கீழ் இருக்கிறது. ஆகவே பேக்கப்பில் அது வந்திருக்காது. புதிதாக ஒரு கிளஸ்டரை (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களின் தொகுப்பை) உருவாக்கி நிறுத்திவிட்டு, அதன் டேட்டா ஃபோல்டரைக் காலி செய்து, அங்கே பேக்கப்பை வையுங்கள். யுஎஸ்பி டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஆக இருந்தால் உரிமையாளர், அனுமதி எல்லாம் போயிருக்கும். உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் பயனர், அனுமதி 0700.

15 வால் கோப்புகளையும் பிஜி_வாலுக்குள் போடுங்கள். பேக்கப்_லேபிள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப் கோப்பைத் திறந்து பழைய ரீஸ்டோர்_கமாண்ட், ஆர்க்கைவ்_கமாண்ட் வரிகளை எடுத்துவிடுங்கள். இந்தக் கோப்பு மெயின் கான்ஃப் கோப்பை மீறும், ஈடிசியில் மாற்றிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புகிறவர்கள் இதை மறந்தவர்கள். அதில் ஆர்க்கைவ்_மோட் ஆஃப் என்று எழுதுங்கள்.

இப்படியே ஸ்டார்ட் செய்தாலும் எழும். ஆனால் பழைய டைம்லைன் 1லேயே தொடரும். அதைவிட, டேட்டா ஃபோல்டரில் ரெகவரி.சிக்னல் என்று ஒரு காலிக் கோப்பை வைத்து, மூன்று அமைப்புகள் கொடுப்பது நல்லது: ரீஸ்டோர்_கமாண்ட் என்பதற்கு ஃபால்ஸ் என்ற லினக்ஸ் கட்டளை, ரெகவரி_டார்கெட் என்பதற்கு இம்மீடியட், ரெகவரி_டார்கெட்_ஆக்ஷன் என்பதற்கு ப்ரமோட். ஃபால்ஸ் எப்போதும் தோற்கும் கட்டளை. ஆர்க்கைவில் கோப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு போஸ்ட்கிரெஸ் பிஜி_வாலைப் பார்க்கும். ரீஸ்டோர்_கமாண்டைக் காலியாக விட்டால் ரெகவரி.சிக்னல் இருக்கும்போது ஸ்டார்ட்டே ஆகாது. சீரான புள்ளி வந்ததும் நின்று புது டைம்லைனில் திறக்கும். டிஸ்க் போன நாள் வரை சங்கிலி இருக்கிறது என்றால் இம்மீடியட்டை எடுத்துவிடுங்கள், இருப்பதை எல்லாம் ஓட்டும். மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் பழைய சர்வரில் இருந்ததைவிடக் குறைவாக வைத்தால் ரெகவரி நடக்காமல் நின்றுவிடும். பழைய எண் நினைவில்லையென்றால் 500 போட்டுவிட்டுப் பிறகு குறையுங்கள்.

லாகில் பார்க்க வேண்டியது ஒரே வரி: சீரான ரெகவரி நிலையை எட்டியது என்பது. அது வராமல் திறந்த டேட்டாபேஸ் எதையும் நம்ப வேண்டாம். ரெக்கார்ட் நீளம் தவறு, 24 வேண்டும் 0 கிடைத்தது என்ற வரி பயமுறுத்தும், அது வால் தீர்ந்த இடத்தில் வழக்கமாக வருவது. ஆன்லைன் பேக்கப் முடியும் முன்பே வால் முடிந்துவிட்டது என்று வந்தால் 91 வரை போகவில்லை, ஏதோ ஒரு கோப்பு குறைகிறது.

பழைய பிஜி_பேஸ்பேக்கப் டார் பற்றி. போஸ்ட்கிரெஸ் 10 முதல் இந்தக் கருவி இயல்பாகவே வாலையும் சேர்த்து எடுக்கிறது. டார் வடிவில் அது தனியாக பிஜி_வால்.டார் என்று வரும். பேஸ்.டாரை மட்டும் விரித்துவிட்டு வால் இல்லை என்று கலங்குவது மிகச் சகஜம். பிஜி_வால்.டாரை டேட்டா ஃபோல்டரில் அல்ல, அதற்குள் உள்ள பிஜி_வால் ஃபோல்டரில் விரியுங்கள். 13 முதல் பேக்கப்_மேனிஃபெஸ்ட் கோப்பும் உடன் வரும். டாரை விரித்தபின், ஸ்டார்ட் செய்யும் முன், பிஜி_வெரிஃபைபேக்கப் ஓட்டினால் கோப்புகளின் செக்சம்மோடு வால் வரம்பு முழுசா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். டிஸ்க் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட டார் அரைகுறையாகத்தான் ஏறியிருக்கும், அளவைப் பார்த்தாலே தெரியும்.

எங்கும் வால் கிடைக்காவிட்டால், வாலை வெறுமையாக்கித் திறக்க வைக்கும் பிஜி_ரீசெட்வால் மிச்சம். இது மீட்பு அல்ல, இடிபாட்டில் சாமான் பொறுக்குவது. தனி நகலில் மட்டும் செய்யுங்கள். அந்த நகலில் மட்டும் பேக்கப்_லேபிளை வேறிடத்துக்கு நகர்த்தலாம். திறந்ததும் யாரையும் பில் போட விடாமல், டேபிள் டேபிளாக பிஜி_டம்ப் எடுத்து, புதிய கிளஸ்டரில் ஏற்றுங்கள். டோஸ்ட் (பெரிய மதிப்புகளைத் தனியே வைக்கும் இடம்) துண்டைக் காணோம், டிரான்ஸாக்ஷன் நிலை தெரியவில்லை என்று சில டேபிள்கள் நடுவில் நிற்கும். அவற்றை ஐடி வரம்பு பிரித்துக் காப்பி செய்து, கெட்ட வரிசைகளைத் தாண்டிப் போக வேண்டும். ஃபாரின் கீகளைக் கடைசியில் சேர்க்கும்போது எது எதோடு சேரவில்லை என்பது வெளிவரும். பழைய டார் முழுசாக எழுந்தால், அதை அடித்தளமாக வைத்து இதிலிருந்து இடைப்பட்ட பில்களை மட்டும் சேர்ப்பது மேல். ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எண்களில் இடைவெளியோ இரட்டிப்போ இருந்தால் அங்கேயே கண்ணில் படும்.

பழைய சர்வர் உபுண்டு 18.04, புதியது 22.04 என்றால் இன்னொரு வேலை பாக்கி. 2018இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28 எழுத்து வரிசை முறையை மாற்றியது, 18.04இல் இருப்பது 2.27. டெக்ஸ்ட் காலம்கள் மீதுள்ள இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் கிடக்கும், தேடினால் இருக்கிற பார்ட்டி பெயரே இல்லை என்று வரும், யூனிக் என்றிருந்தும் ஒரே பெயர் இரண்டு தடவை ஏறும். மக்கள் லாகின் செய்யும் முன் டேட்டாபேஸ் முழுவதற்கும் ரீஇன்டெக்ஸ் போட்டுவிடுங்கள். பிறகு இன்டெக்ஸ்களைச் சோதிக்கும் பிஜி_ஆம்செக் ஒருமுறை.

புது ரெப்போ ஒன்றை, முடிந்தால் காட்பாடியிலோ வேலூரிலோ உங்கள் கைக்கு எட்டும் ஒரு மெஷினில், வையுங்கள். ஸ்டான்ஸா-கிரியேட் செய்து, ஆர்க்கைவ்_மோடை மறுபடி ஆன் செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, செக் ஓட்டி, உடனே ஒரு ஃபுல் எடுங்கள். ஆர்க்கைவ்-காப்பியை இம்முறை ஆன் செய்யுங்கள். பேக்கப் சில நூறு எம்பி பருக்கும், அவ்வளவுதான்.

நாளைக்கே சென்னைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு வழி திறந்துவிட்டாலும், புது டேட்டாபேஸை அந்தப் பழைய ரெப்போவில் இணைக்காதீர்கள். ஃபால்ஸ் கட்டளையோடு எழுந்தபோது அங்கே டைம்லைன் 2 ஏற்கெனவே இருந்ததா என்று போஸ்ட்கிரெஸ்ஸால் பார்த்திருக்க முடியாது. இருந்திருந்தால் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வால் கோப்புகள் மோதும். பழைய ரெப்போவைப் படிக்க மட்டும் வேறொரு ஃபோல்டருக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் துண்டிப்புக்கும் இடையே விட்டுப்போன வால் அதில் கிடைக்கும். அப்போது அதே ஃபுல் பேக்கப்பை இன்னொரு மெஷினில் கடைசி வரை ஓட்டி, குறைகிற பில்களை எடுத்து இங்கே சேர்க்கலாம்.